ரமேஷ் குடும்பம், ஆறு பேர்

புரியாத இடத்தில் தலையாட்டுவது என் பிறவிக் குணம். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் என்று எல்லார் முன்னாலும் ஆட்டியிருக்கிறேன். பெரிய சேதம் வந்ததில்லை. அக்கா மகள் செல்வியின் முன்னால் ஆட்டியதுதான் வினையாகிவிட்டது.

செல்விக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கும் கூட வேலை பார்க்கும் பையனுக்கும் பிடித்துப்போய், பையனும் அவன் அப்பா அம்மாவும் கல்யாணம் பேசி முடிக்கத் தென்காசிக்கு வருவதாக ஏற்பாடு. ரயிலடியிலிருந்து அழைத்துவருவது தாய்மாமன் பொறுப்பு. விவரங்களை ஏதோ ஒரு குறிப்பெழுதும் ஆப்பில் போட்டு எனக்கு அனுப்பியிருந்தாள்.

"மாமா, இடது பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கா? அதத் தட்டினா உள்ள உள்ள பக்கம் விரியும். புரிஞ்சுதா?"

"இதுல என்னட்டி இருக்கு!" என்று தலையாட்டினேன்.

(உள்ளே போனவனுக்கல்லவா தெரியும்! பக்கத்துக்குள் பக்கம், அதற்குள் இன்னொரு பக்கம். விரல் தவறியதில் டிபன் பட்டியல் நகர்ந்து பூக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே இழுக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.)

வருகையைப் பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் இருந்தால் அதுதான் சர்க்கார் முத்திரை குத்தியது என்று நம்பும் தலைமுறை நான். அதையே திறந்தேன். 'ரமேஷ் குடும்பம், ஆறு பேர். காலை ரயில். ஸ்டேஷனுக்கு வேன். ரமேஷுக்குக் காபியில் சர்க்கரை கூடாது. மனைவிக்குப் பூண்டு ஆகாது.'

ரமேஷ் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் புரியவில்லை என்று ஆகிவிடுமே! பையனின் சித்தப்பா, அவர் வீட்டாரையும் சேர்த்துத்தான் ஆறு பேர் என்று நானே முடிவு செய்து, சமையலில் பூண்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். "ஏலே, பையனோட அப்பா ரொம்ப மரியாதை பாக்குத ஆளாம். நீ ஏதாச்சும் கோளாறு பண்ணினேன்னா இவ கல்யாணம் நின்னு போவும், சொல்லிட்டேன்."



சாரல் சமயம். தென்காசி ஸ்டேஷனில், குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஒரே கூட்டம். வருகிறவர்கள் யாரையும் நான் முன்பின் பார்த்ததில்லை. 'ரமேஷ் குடும்பம்' என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தேன்.

"ரமேஷ் நான்தான் சார்!" என்று ஒருவர் வந்தார். பின்னால் நாலு பேர். கணக்கில் ஒருவர் குறைந்தார். பெண்வாடையே இல்லை.

"வீட்டுல லேடீஸ் யாரும் வரலையா?"

"அவங்களக் கூட்டிட்டு வந்தா எங்க சார் என்ஜாய் பண்றது?"

சர்க்கரை இல்லாத காபி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன சார், கஷாயமா?" என்றார். "சரி, நேரா மெயின் அருவிக்கு விடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

பெண் வீட்டுக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு வருவது நல்ல பழக்கம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேனைக் குற்றாலத்துக்கு விடச் சொன்னேன். ஐவரும் வண்டியிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டோடு அருவிக்கு ஓடினார்கள். அப்போதுதான் செல்வி போன் செய்தாள்.

"மாமா, எங்கன இருக்கீங்க? அவங்க செங்கோட்டையில நிக்காங்க!"

"இல்லியே, இங்கன குளிச்சுக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"ரமேஷ்."

"எந்த ரமேஷ்?"

"பூண்டு ஆகாதுன்னு போட்டிருந்தியே, அந்தம்மாவோட வீட்டுக்காரரு."



"மாமா, அது சாம்பிள்! யாரோ செஞ்சு வச்ச டெம்ப்ளேட்டுல உதாரணத்துக்குப் போட்ட பேரு. நம்ம விவரம் தமிழ்ல இருக்கு. அவங்கப்பாவுக்கு முழங்கால் வலி, அவசரமா இறங்க முடியாது, கடைசி ஸ்டேஷன்ல இறங்குதாங்கன்னு எழுதியிருக்கேனே!" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"செங்கோட்டைக்கு விடுய்யா!" என்று அலறினேன். பாதி வழியில் டிரைவர் மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, அவங்க துணிமணியெல்லாம் பின்னால கெடக்கே."

திரும்ப நேரமில்லை. செங்கோட்டையில் பையனும் அவன் அம்மாவும் பின்னால் வர, பையனின் அப்பா தாங்கித் தாங்கி நடந்து வந்து வேன் கதவைத் திறந்தார். சீட் முழுக்க பேன்ட்டுகள். அவர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பூப்போட்ட டவுசர்.

"இதெல்லாம் யாரோடது?"

பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முகத்தில் அசைவே இல்லை. டவுசரை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"முதல்ல குற்றாலத்துக்கு விடுங்க. பாவம், அவங்க குளிர்ல நிப்பாங்க."

செல்வியின் கல்யாணம் என் கண்முன்னே அருவியோடு போய்க்கொண்டிருந்தது. அருவிக்கரையில் ஐந்து பேர் பல் கிடுகிடுக்க வரிசையாக நின்றிருந்தார்கள். (லாட்ஜ் அனுப்பிய வண்டி என்று நினைத்து ஏறினார்களாம்.) பெரியவர் ஜன்னல் வழியாக டவுசரை நீட்டி, "இதுல ரமேஷ் யாருப்பா?" என்றார். ஒரு கை மெல்ல உயர்ந்தது. உடனே பெரியவருக்குச் சிரிப்பு பீறிட்டது. தென்காசி வரும்வரை நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் எங்கள் வீட்டுப் படியேறினார்.

பந்தியில், "ரசத்துல பூண்டே இல்லையே?" என்றார்.

"ரமேஷ் வீட்டம்மாவுக்கு ஆகாதாம்" என்றாள் செல்வி, என்னை முறைத்தபடி. அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்டால் அக்கா, "நூறு போடுங்க. ரமேஷோட நூத்தியொண்ணு" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான். ஆனாலும் கடைசி இலையில் யாராவது வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.