அரபுக் குதிரைக்கு ஒரு தந்தை

ஒரு காட்டில், குதிரைகள் எல்லாம் போய் ஒரே ஒரு பெண் குதிரையும் அவள் குட்டியும் மிஞ்சியிருந்த சமயம் பார்த்து, அரபுக் குதிரை மரபுப் பாதுகாப்பு வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. குதிரைகள் ஏராளமாக இருந்த காலத்தில் ஏன் வாரியம் இல்லை என்று கேட்பது முறையன்று. ஏராளமாக இருப்பதை எவரும் மரபு என்று அழைப்பதில்லை.

வாரியத்தின் தலைவராகக் கரடியார் அமர்த்தப்பட்டார். அவர் குதிரையை அருகில் பார்த்ததே இல்லை. ஆகையால் பாரபட்சம் காட்ட மாட்டார் என்று சிங்க அரசர் கருதினார். செயலாளர் கொக்கு. நாள் முழுவதும் ஒற்றைக் காலில் நின்று எதுவும் செய்யாதிருக்கும் பயிற்சி அவருக்கு முன்பே இருந்தது. கோப்புகளைச் சுமக்க ஒரு கழுதையும் நியமிக்கப்பட்டது. அலுவலகத்தில் வேலை செய்தது அது ஒன்றுதான்.

முதல் கூட்டத்திலேயே வாரியம் ஆற்றோர மணல்வெளியை 'மரபு மைதானம்' என்று அறிவித்துச் சுற்றிலும் மூங்கில் வேலி அடைத்தது. பதிவு பெற்ற அரபுக் குதிரைகள் மட்டுமே உள்ளே ஓடலாம் என்று பலகையும் வைத்தது. அதுவரை அங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு அரபுக் குதிரைகளையும் வெளியேற்றியது.

பெண் குதிரையின் பெயர் நஜ்லா. குட்டியின் பெயர் ரீம், வயது ஒன்றரை. அந்த வயதில் மணலில் ஓடினால்தான் கால்கள் உரம் பெறும். வேலிக்கு வெளியே இருந்ததெல்லாம் கல் தரை. ஒரு மாதத்திற்குள் ரீமின் முன்னங்கால் வீங்கத் தொடங்கியது. இப்படியே விட்டால் அவள் ஆயுள் முழுவதும் நொண்ட வேண்டியதுதான் என்பது நஜ்லாவுக்குத் தெரியும். ஆகவே விண்ணப்பிக்கப் போனாள்.

வரிசையில் அவளையும் குட்டியையும் தவிர எவரும் இல்லை. எனினும் டோக்கன் பெற்றாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த எண் நாற்பத்தொன்று. முதல் நாற்பது எண்கள் உறுப்பினர்களின் உறவினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

அரபுக் குதிரைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குலத்தை அவை தாய்வழியே எண்ணும். தன் முறை வந்ததும் நஜ்லா தாயில் தொடங்கி, தாயின் தாய், அவள் தாய் என்று பதினோரு தலைமுறைகளை, பாய்மரக் கப்பலில் வந்திறங்கிய முதல் மூதாட்டி வரை, ஒரு பெயர் பிசகாமல் சொன்னாள். கொக்கு பொறுமையாகக் கேட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"எல்லாம் சரிம்மா. அப்பா பேரு?"

"எங்க குலத்துல அம்மாதாங்க கணக்கு."

"அம்மாவுக்குப் படிவத்துல கட்டமே இல்லையே."

தந்தையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று நஜ்லா விளக்கினாள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லும்படி கொக்கு அன்போடு அறிவுறுத்தினார். குலவரிசையில் பொய்ப்பெயரைச் சேர்க்க மாட்டேன் என்று அவள் மறுத்தாள். வேண்டுமானால் ஓடிக் காட்டுவதாகவும் சொன்னாள். உள்ளறையிலிருந்த கரடியார் பதறி எழுந்து வந்து, ஓட்டத்தைப் பதிந்துகொள்ளப் படிவத்தில் இடமில்லை என்றும், அடிக்கடி ஓடினால் மரபு தேய்ந்துபோகும் என்றும் எச்சரித்தார். விண்ணப்பம் திருப்பித் தரப்பட்டது.

இதற்கிடையில், வாரியத்தின் பணியைப் பார்வையிட அரசர் சார்பில் நரியார் வரப்போவதாகச் செய்தி வந்தது. பதிவேட்டிலோ ஒரு குதிரைகூட இல்லை. கொக்கு இருந்த கோப்புகளையெல்லாம் புரட்டினார். தந்தை, பாட்டன், பூட்டன் என எல்லாக் கட்டங்களும் நிரம்பிய ஒரே கோப்பு, கழுதையின் பணிப்பதிவேடு. இனம் என்ற கட்டத்தில் மட்டும் சிறு திருத்தம் தேவைப்பட்டது. அதைக் கரடியார் தம் கையாலேயே செய்தார்.

அன்று முதல் கழுதை, அரபுக் குதிரை எண் ஒன்று. கழுத்தில் பித்தளை வில்லை தொங்க, மணல்வெளியின் நடுவில் நின்றது. நரியார் வந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் ஓடல?" என்று கேட்டார்.

"பாதுகாக்கறோம்" என்றார் கரடியார்.

நரியார் மிகுந்த மனநிறைவோடு திரும்பிச் சென்றார்.

கழுதை கெட்டதன்று. நஜ்லாவின் முகத்தைப் பார்க்கக் கூசி இரண்டு நாள் ஒதுங்கியிருந்துவிட்டு, மூன்றாம் நாள் தானே அவளைத் தேடி வந்தது. ரீமின் காலைக் குனிந்து பார்த்தது.

"அப்பா கட்டத்துல என் பேரைப் போட்டுடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

"எனக்குக் குறையுமே."

"உங்களுக்குக் குறையும்தான். குட்டிக்கு வீக்கம் குறையும்."

மறுநாள் காலையில் ரீமால் முன்னங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அன்றே நஜ்லா ரீமுக்கு மட்டும் ஒரு படிவம் வாங்கி, தந்தையின் பெயர் என்ற கட்டத்தில் கழுதையின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். கொக்கு இரண்டு கால்களையும் ஊன்றி நின்று முத்திரையிட்டார். இவ்வளவு தெளிவான குலவரிசையை வாரியம் இதுவரை கண்டதில்லை என்று கரடியார் பாராட்டினார்.

மணல் தன் வேலையைச் செய்தது. வீக்கம் வடிந்தது. மழைக்காலத்திற்கு முன்பே ரீம் ஓடத் தொடங்கினாள். குட்டியின் வேகம் முழுவதும் தந்தை வழியில் வந்தது என்று வாரியம் ஆண்டறிக்கையில் குறிப்பிட்டது. பக்கத்துக் காடுகளில் பாய்ச்சலின் நுட்பங்கள் குறித்து உரையாற்றக் கழுதை அழைக்கப்பட்டது. முதல் உரையின்போது அதற்குக் கூச்சமாக இருந்தது. நான்காவது உரைக்குள், தன் இளமைக்கால ஓட்டங்கள் அதற்கே நினைவுக்கு வரத் தொடங்கிவிட்டன.

நஜ்லாவுக்குப் பதிவு இல்லை. உள்ளே போக முடியாது. ஒவ்வொரு நாளும் மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் மகள் வேலியோரமாகப் பாய்ந்து வந்தபோது, தன்னை அறியாமல் அவளும் வெளியே கல் தரையில் நாலுகால் பாய்ச்சலில் கூடவே ஓடினாள். காவலுக்கு நின்ற ஆட்டுக்கடா குறுக்கே வந்து மறித்தது.

"ஓரமா நில்லும்மா. உள்ள அரபுக் குதிரை ஓடுது."

நீதி: குலப்பெருமை காக்க விரும்பும் தாய்மார்கள், பதிவு பெற்ற கழுதை ஒன்றைக் காலத்தோடு தேடிக்கொள்வது நலம்.