கொடும்பாவிக்கு ஒரே மகன்

உலகத்தில் எது ஒழுகினாலும் தன் உயிரே ஒழுகுவதுபோல் பதறுகிற மனிதர் ஒருத்தர்தான் பிறந்திருப்பார். அவரும் எங்கள் ஆண்டிபட்டித் தெருவில்தான் இருந்தார். ஓட்டைக் குடத்தைப் பற்றவைப்பது தொழில். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் ‘ஒழுக்கு மாமா’.

வெள்ளைக்காரன் காலம் அது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் நெல் விளையும். எங்களுடையது வானம் பார்த்த பூமி. அந்த வருஷம் வானம் எங்களைப் பார்க்கவில்லை. ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாய் வற்றி, எங்கள் தெருக் கிணற்றில் மட்டும் அடியில் கலங்கல் மிச்சமிருந்தது. என் பெண்டாட்டி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். இந்தக் கிணறும் போனால் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா கிணற்றடியிலேயே குடியேறிவிட்டார். குடத்தில் துளி சொட்டினாலும் பெண்களை மறிப்பார். “ஆத்தா, ஒழுகுது. இறக்கு.” அங்கேயே உலை மூட்டி, ஓட்டையை அடைத்துத்தான் விடுவார். எழவு வீட்டில் ஒப்பாரி வைத்த கிழவியிடமே போய், “கண்ணு ஒழுகுது ஆத்தா, அடக்கு. அப்புறம் தண்ணி கேப்பே” என்று சொல்லி விளக்குமாற்றால் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

கடைசியில் கொடும்பாவி கட்டி இழுப்பதென்று ஊர் முடிவு செய்தது. ஊருக்குள் பெரும்பாவி ஒருத்தி இருப்பதால்தான் மழை வரவில்லை என்று, வைக்கோலில் அவளைச் செய்து தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, எல்லையில் கொளுத்துவார்கள். எல்லாம் ஆயத்தமான நேரத்தில் மாமா குறுக்கே வந்து நின்றார்.

“கொளுத்திட்டு வந்து என்ன செய்வீக?”

“இதென்ன கேள்வி? எழவுன்னா தலை முழுகத்தான் வேணும்” என்றார் நாட்டாமை.

“ஊரே முழுகத் தண்ணி எங்கன இருக்கு?”

எல்லோரும் திரும்பி எங்கள் கிணற்றைப் பார்த்தார்கள். முழுகாவிட்டால் சாமி குத்தம், முழுகினால் கிணறு காலி.

மாமா துண்டை இடுப்பில் கட்டினார். “அவளுக்கு நான்தான் ஒரே மகன். கொள்ளி நான் வைக்கிறேன், தீட்டும் எனக்குத்தான். நீங்கல்லாம் பக்கத்து வீட்டுக்காரக. தலையில தெளிச்சுக்கிட்டாப் போதும்.”

“அப்ப நீரு எப்பய்யா முழுகுவீரு?”

“மழை வந்து முழுக்காட்டும்.”

மனுஷன் சொன்னதைச் செய்தார். மொட்டை போட்டு, “ஆத்தா” என்று நிஜமாகவே அழுது கொள்ளி வைத்தார். அதன்பிறகு எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. தீட்டுக்காரன் கயிற்றைத் தொடக்கூடாதென்று கிணற்றைவிட்டு எட்ட உட்கார்ந்து, அங்கிருந்தே “ஒழுகுது, ஒழுகுது” என்று கத்துவார். குடிக்கிற தண்ணீரைப் பெண்கள்தான் அவர் கையில் ஊற்றுவார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தெருவே மூக்கைப் பொத்தும். ஆனாலும் அவர் அப்படிக் கிடக்கும்போது ஒரு செம்பு கூடுதலாக இறைக்க யாருக்கும் கை வரவில்லை. கிணறு தாக்குப்பிடித்தது.

வருசநாட்டுப் பக்கம் மலை கறுத்து, ஒருநாள் மழை கொட்டியது. ஊரே வாசலில் நின்றது, ஆனால் ஒருத்தரும் இறங்கி நனையவில்லை. மாமா முதலில் முழுகட்டும் என்று காத்திருந்தோம். அவர் தெரு நடுவில், முள்முள்ளாய் முடி முளைத்த தலையோடு நின்று தேம்பிக்கொண்டிருந்தார்.

“மாமா, கண்ணு ஒழுகுதே” என்றேன்.

“ஒழுகட்டும் மாப்ளே” என்றார்.

கையிலிருந்த பிள்ளையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய் அந்த நாற்றம்பிடித்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன்.