தோற்காதவர்களை நம்பாத ரெஃபரி அங்கிள்

மெல்பேர்னில் வெற்றியைக் கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் ரெஃபரி அங்கிள்தான். குத்துச்சண்டை மேடையில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கிளென் வேவர்லியில், என் பக்கத்து வீட்டு கராஜில், டிவிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் வீசி ஆட்டத்தை நிறுத்துவார். டிவியில் சண்டை தொடரும். கராஜில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் சண்டை, கராஜில் கூடும் எங்கள் கூட்டத்துக்கு ஞாயிறு மதியம். "ஒரு தோல்விகூட இல்லாத வீரர்" என்று அறிவிப்பாளர் முழங்கினால் போதும், அங்கிள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார்.

"இவன் இன்னும் ஆரோடயும் அடிபடேல்லை. நோஞ்சானாப் பாத்துப் பிடிச்சுக் குடுத்திருக்கிறாங்கள்."

"அப்போ எல்லார்கிட்டயும் அடி வாங்கினவன்தான் சாம்பியனா அங்கிள்?" என்றேன்.

"இல்லைத் தம்பி. ஆரிட்டத் தோத்தவன், தோத்தாப் பிறகு என்ன செய்தவன், அதைப் பாருங்கோ."

இந்தச் சட்டம் கராஜோடு நிற்கவில்லை. அவருடைய தங்கை மகளுக்கு வந்த மாப்பிள்ளை எதிலுமே தோற்றதில்லை என்று அவன் வீட்டார் பெருமைப்பட்டார்கள். "அப்ப குசினிக்குள்ள சமைக்கேக்க சண்டை வந்தா இவருக்குத் தோக்கத் தெரியாது. பிள்ளை பாவம்" என்று தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்த டிரைவிங் பயிற்சியாளரின் காரில் தன் மனைவியை, எங்கள் அன்ரியை, ஏறவிடவில்லை.

பிறகு அவருடைய இதய வால்வு கெட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் வருடம் தாண்டாது என்றார்கள். கார் ஓட்டிப் போனது நான்.

முதல் டாக்டரிடம் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார்: உங்கள் கையில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள்? டாக்டர் சிரித்து, இந்த ஆபரேஷனில் ஒருவர்கூட இல்லை என்றார். அங்கிள் நன்றி சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

காரில் அன்ரி அழுதார். "உங்கட பொக்சிங்கை ஆஸ்பத்திரிக்குள்ளயும் கொண்டு வாறியளோ? விசரே உங்களுக்கு?"

"சும்மா இரும். அவர் லேசான கேஸ் மட்டும் எடுக்கிறவர்."

இரண்டாவது டாக்டர் ஒரு பெண். கேள்வியைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். இறந்திருக்கிறார்கள் என்றார். கடைசியாக ஒரு பள்ளி ஆசிரியை. எங்கே தவறியது, அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டேன் என்று விளக்கினார். அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஓம். இவதான்" என்றார் எங்களைப் பார்த்து.

அங்கிள் ஆபரேஷன் மேசையிலிருந்து எழும்பவில்லை. அந்த டாக்டரே வெளியே வந்து, சுற்றி வளைக்காமல் அன்ரியிடம் சொன்னார். இறுதிச் சடங்கில் கராஜ் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்: "முதல் டாக்டரிட்டப் போயிருந்தா மனுசன் இருந்திருப்பார்."

அன்ரிக்குக் கேட்டுவிட்டது. "இவர் கேட்டவர். அவ ஒளிக்கேல்லை. விடுங்கோ."

இந்த வருடம் எனக்கும் அதே வால்வு. அதே டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டுப் போனேன். அங்கிளின் கேள்வியைக் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"இறந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் இதே கேள்வியை என்னிடம் கேட்டவர்" என்றார். அவருக்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டேன் என்பதையும் சொன்னார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.