நுரை அண்ணாச்சியின் சட்டைப்பை

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் ஊர் உலகமே துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பும். நடுங்கிப்போய் ஜன்னலைச் சாத்துகிற ஒரே ஜீவன் எங்கள் நுரை அண்ணாச்சிதான்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர். பஞ்சு போலத் துளைகள் நிறைந்த, நகத்தளவு நிக்கல் நுரைத் துண்டின் மேல் மாங்கனீசு ஆக்சைடை மயிரைவிட மெல்லிய ஊசிகளாக வளர்ப்பார். சட்டென்று மின்சாரத்தை வாங்கி வைத்து, கேட்டதும் திருப்பித் தரும் சூப்பர்கெபாசிட்டருக்கான மின்முனை அது. பட்டப்பெயரும் அந்த நுரையால் வந்ததுதான்.

ஈரம் ஏறினால் எடை மாறும், கணக்கெல்லாம் கோவிந்தா. அதனால் ஷூ டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களால் அவர் சட்டைப்பை பிதுங்கும். தராசுப் பக்கம் போனால், "மூச்சு விடாதலே, ஈரம் ஏறுது!" என்பார். பாதி ஆராய்ச்சியை நான் மூச்சைப் பிடித்தே முடித்தேன்.

அதைவிடப் பெரிய பயம் எண்ணெய்; ஒரு துளி ஒட்டினாலும் மின்முனை பாழ். அருவிக்குப் போனவன் தேய்க்காமல் திரும்புவானா? வாசலிலேயே எல்லார் கையையும் மோந்து பார்ப்பார். துறைத்தலைவரையும் விடவில்லை.

அவர் ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதமே பாக்கி. ஆயிரக்கணக்கான தடவை மின்னேற்றி இறக்கியும் தளராத மின்முனை ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஆறு வருஷ உழைப்பும் போச்சு. அதைச் சோதனைக் கருவியில் மாட்டுகிற அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல், கை உதறியது.

"நீயே இடுக்கியால எடுத்து மாட்டுலே. எண்ணெய் தேச்சியா?"

"இல்ல அண்ணாச்சி."

பச்சைப் பொய். காலையில்தான் விருந்தாளிகளோடு ஐந்தருவியில் தலை முதல் கால்வரை தேய்த்திருந்தேன். அவருக்கோ மூக்கடைப்பு. கையுறை போன வாரமே தீர்ந்திருந்தது. இடுக்கி வழுக்கி, விழப்போன துண்டை விரலாலேயே பிடித்து மாட்டிவிட்டேன்.

நாலு நாள் சோதனை. மின்முனையின் திறனைக் காட்டும் கோடு திரையில் லேசாகச் சாய்ந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். மெஸ் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் முன்னால் நின்று அழுதே விட்டேன். "அண்ணாச்சி, எண்ணெய்க் கையோட தொட்டுட்டேன்!"

அவர் சட்டைப்பையைத் தட்டினார். "மூக்குதாம்லே அடைச்சிருந்துச்சு, கண்ணு தெரியாதா? ஒன் காது எண்ணெயில மினுங்குச்சு. அன்னிக்கே நீ டீ குடிக்கப் போன நேரம், பைல பத்திரமா வச்சிருந்த இன்னொண்ண மாட்டிட்டேன்."

"ஒதறுத கையோடயா?"

"ரெண்டு கையாலயும் இடுக்கியப் பிடிச்சேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ. பயப்படுத வேல என்னோட போட்டும்லே."

கோடு கடைசிவரை தளரவில்லை. இப்போது அவர் வெளியூரில் பேராசிரியர். சாரல் விழுந்தால் நான் இன்றும் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். வந்ததும் போன் போட்டு, "கைய நல்லாக் கழுவிட்டேன் அண்ணாச்சி" என்று அவரிடம் சொன்னால்தான் எனக்குக் குளித்த மாதிரி இருக்கிறது.