பாட்டை நிறுத்தப் போன படலம்

வாழ்க, வாழ்க! பதினொரு பக்கப் பிரசங்கத்தைப் படைவாளாய் மார்போடு அணைத்தவனும், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டையைக் கவசமாய்த் தரித்தவனும், சென் மார்க் துறையில் பாய்மரப் படகேறிக் கொனாவ் தீவின் மண்ணை மிதிக்கும் முன்பே தன் காலை உணவை அலைகடலுக்கு மூன்று தவணைகளில் காணிக்கையாக்கியவனும், கரையில் கூடிநின்ற சபையாரை நோக்கி "தீவே, உன்னைத் தேடி வந்தேன்!" என்று முழங்க வாயெடுத்து, முழக்கம் வராமல் நான்காம் காணிக்கை மட்டும் வரப்பெற்றவனுமாகிய மாவீரன் எனோலின் புகழ் எட்டுத் திக்கும் பரவுக! வானத்துத் தூதர்களே, இறங்கி வந்து என் எழுதுகோலின் நுனியில் அமருங்கள். நான் சொல்லப்போவது, ஓர் ஊரை எதிர்த்து ஓர் ஆள் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடத்திய பெரும்போர். அந்த மாவீரன் நான்தான். வேறு யாரும் புகழ முன்வராததால் நானே தொடங்க வேண்டியதாயிற்று.

போரின் காரணம் சிறியது. நானும் என் மனைவி மிர்லாந்தும் ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட ஆன்ஸ் மாபூ சபையில், பிரசங்கத்துக்கு முன்பு ஒரு பாட்டு உண்டு. ஒன்றே ஒன்று. சென் மார்க்கில் அது ஐந்து நிமிடத்தில் முடியும். முடிந்ததும் போதகர் செருமுவார், பிரசங்கம் தொடங்கும். இங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பவர் செலமிஸ் அக்கா. கருவாட்டுக் கூடை சுமந்து சுமந்து இறுகிய கழுத்தும், நங்கூரம் பாய்ச்சிய படகுபோல் அசையாத நிலையும், கடலுக்குள் போன கணவனைக் கரையிலிருந்தே சாப்பாட்டுக்கு அழைக்கவல்ல குரலும் படைத்த வீராங்கனை. அவர் முதல் அடியை எடுத்தால், பின்னால் மத்தளம் இடிக்கும். தாளக் கருவியான தகரத் துருவியைக் கம்பியால் உரசும் ஓசை ஆயிரம் வாள்களை ஒரே சமயத்தில் சாணை பிடிப்பதுபோல் கிளம்பும். தகரக் கூரை தானும் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு அதிரும். வெளியே கட்டியிருக்கும் கழுதைகள் தங்களாலான உதவியைச் செய்யும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டின் கடைசி அடி நெருங்கியபோது, மறுபடி தொடங்கிவிடாமல் தடுக்கும் பொருட்டு, பெருவெள்ளத்தின் முன் மதகடைக்கும் வேந்தனைப்போல் உள்ளங்கையை விரித்து வலக்கையை உயர்த்தினேன். அந்தோ! அணையைக் கண்ட வெள்ளம் அடங்கவில்லை. செலமிஸ் அக்கா என் கையை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு முதல் அடியிலிருந்து, முன்னைவிட உரக்க, மீண்டும் தொடங்கினார். நான் மறுபடி உயர்த்தினேன். அவர் மறுபடி தொடங்கினார். கை, பாட்டு, கை, பாட்டு என்று போர் நீண்டு, நண்பகலானதும் நான் தோற்றுக் கையைத் தொங்கவிட்டேன். வென்ற படை பாட்டை நிறுத்திக்கொண்டது. அப்போது எல்லார் வீட்டு அடுப்பிலும் பானை இருந்தது. ஆசீர்வாதம் மட்டும் சொல்லி அனுப்பிவைத்தேன்.

நான் எதையும் எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவன். முதல் ஞாயிறு ஒன்பது முறை. இரண்டாம் ஞாயிறு பதினொன்று. நான்காம் ஞாயிறு, நான் இரு கைகளையும் உயர்த்திய நாள், பதினேழு. இருமிப் பார்த்தேன், மத்தளம் விழுங்கியது. "ஆமென்!" என்று கர்ஜித்தேன், அதை உற்சாகமூட்டலாக ஏற்று இன்னும் குதித்தார்கள். ஏழு வாரமாகச் சொல்லப்படாமல் கிடந்த அந்தப் பிரசங்கத்தின் தலைப்பு 'அமைதியின் மகிமை' என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

போரில் கொடியது துணைப்படையின் துரோகம். மூன்றாம் ஞாயிறு, வியர்வைத் திரையினூடே எதிரணியைப் பார்த்தேன். முன்வரிசையில், கைக்குட்டையைக் கொடியாய்ச் சுழற்றி, இடுப்பொசித்து ஆடிக்கொண்டிருந்தாள் மிர்லாந்த்.

"சும்மா நின்னா கால் வலிக்குதுப்பா," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "ஆடினா வலிக்கல."

அவளுக்கு இந்தத் தீவு ஒரு மாதத்தில் வசப்பட்டுவிட்டது. தலையில் தண்ணீர் வாளியைக் கைபிடிக்காமல் கொண்டுவருகிறாள். நான் தொட்டியில் விட்ட வாளிகள் இரண்டு இன்னும் தொட்டிக்குள்ளேயே இருக்கின்றன. அவள் நடத்தும் எழுத்து வகுப்புக்குப் பதினான்கு பெண்கள் வருகிறார்கள். அதில் ஆறு பேர் தங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். ஒருத்தி தன் பெயரைத் தன் பன்றியின் முதுகிலும் கரியால் எழுதிவைத்திருக்கிறாள்.

இந்நிலையில்தான் அக்கரையிலிருந்து ஓலை வந்தது. எங்களை இங்கே அனுப்பிய மேற்பார்வைப் போதகர் ஒனேசிம் ஐயா எட்டாம் ஞாயிறு வருகிறார். எங்கள் சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. என் பிரசங்கத்தைக் கேட்ட பிறகு, நாங்கள் இங்கே இருப்பதா, திரும்புவதா என்று முடிவு செய்வார். திரும்பினால் எனக்கு மைத்துனனின் சிமென்ட் கடை காத்திருக்கிறது. மிர்லாந்துக்கு ஒன்றும் காத்திருக்கவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து அவள் பயறு பொறுக்குவதை நிறுத்தினாள்.

"என்ன, மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு?"

"என் பிரசங்கத்தைக் கேக்கணுமாம்."

"கேக்கட்டுமே."

"எதைக் கேக்க? ஏழு வாரத்துல 'பிரியமானவர்களே'ன்னுகூட நான் சொல்லி முடிக்கல. 'பிரிய'வோட நிக்குது."

அவள் சிரித்தாள். பிறகு கடிதத்தை வாங்கிப் படித்தாள்; சிரிப்பு நின்றது.

"என் வகுப்புல இன்னும் எட்டுப் பேர் பேரெழுதல," என்றாள் மெதுவாக. "செலமிஸ் அக்காகிட்ட நேரா போய்ச் சொல்லிடேன். பாட்டைச் சீக்கிரம் முடிங்கன்னு."

"ஒரு போதகன் போய்ப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுறதா? கையைத் தூக்குவேன். அடங்கணும்."

"பொம்பளைங்க உன்னைப் பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா? பாட்டுன்னா பாஸ்டர் ஐயாவுக்கு உசுருன்னு."

"கிண்டல் பண்றாங்க."

"கிண்டல் மாதிரி தெரியல. சொல்லும்போது அழுதுடுவாங்க போல இருந்துச்சு."

மதியூகிகள் இந்த இடத்தில் சற்று நின்று யோசித்திருப்பார்கள். நான் சட்டைக்குக் கஞ்சி போடப் போனேன்.

எட்டாம் ஞாயிறு விடிந்தது. ஒனேசிம் ஐயா காலைப் படகில் வந்திறங்கினார். வாந்தியெடுக்காமல் இறங்கினார் என்பதே எனக்கு முதல் அடி. நண்பகலுக்குள் அவர் திரும்பியாக வேண்டும். அதற்குப் பிறகு காற்று மாறிவிடும், படகோட்டி யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். மேடையில் என் அருகே நாற்காலி போட்டு அமர்ந்து, பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

மணி ஒன்பதே முக்கால். செலமிஸ் அக்கா எழுந்தார். முதல் அடி பிறந்தது.

அன்று நடந்ததை எந்த நாவால் சொல்வேன்! கையை உயர்த்தினேன், பாட்டு புலியாய்ப் பாய்ந்தது. மறுபடி உயர்த்தினேன், யானையாய்ப் பிளிறியது. பத்தாம் முறையில் மத்தளக்காரரின் சட்டை அவர் உடம்போடு ஒன்றாகிவிட்டது. பதினான்காம் முறையில், எல்லாவற்றையும் பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்த ஒனேசிம் ஐயா, இருபத்தாறு சபைகளை அடக்கியாளும் அதே கம்பீரத்தோடு எழுந்து, தம் மோதிரக் கையை உள்ளங்கை விரித்து உயர்த்தினார்.

மேடையில் இரண்டு போதகர்களின் கைகளைக் கண்ட சபையின் மீது முதலில் ஒரு திகைப்பு பரவியது. பிறகு, சாவதென்று முடிவெடுத்த படை கடைசித் தாக்குதலில் இறங்குவதுபோல், கண்ணை மூடிக்கொண்டு அத்தனை பேரும் கத்தினார்கள். கழுதை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. என் கை தாழத் தொடங்கியது. அதைக் கண்ட ஒனேசிம் ஐயா, "விடாதே தம்பி, விடாதே!" என்று என் முழங்கையைத் தாங்கிப் பிடித்து மேலே நிறுத்தினார். அவ்வாறு இரு போதகர்கள் சேர்ந்து ஒரு கையைத் தூக்கிப் பிடித்திருக்க, பாட்டு இருபத்திரண்டாம் முறை முடிந்தது.

இருபத்து மூன்றாம் முறைக்குச் செலமிஸ் அக்கா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவர் மேடைக்கு நடந்து வந்தார், கைகளைக் கூப்பினார்.

"பாஸ்டர் ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், கையை இறக்குங்க. தொண்டை கிழிஞ்சு போச்சு. போன வாரம் அடுப்புல பயறு கருகி, பானையே ஓட்டை. எத்தனை தடவைதான் பாடுறது? மனுசங்கதானே நாங்களும்?"

"அக்கா," என்றேன், "நிறுத்தச் சொல்லித்தானே நான் கையைத் தூக்கினேன்?"

மத்தளக்காரர் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

"நிறுத்தச் சொல்லியா?" என்றார் செலமிஸ் அக்கா. "முந்தின பாஸ்டருக்குக் காது மந்தம். அவர் கையைத் தூக்கினா, 'கேக்கல, இன்னொரு தடவை சத்தமா'ன்னு அர்த்தம். பதினெட்டு வருசமா அப்படித்தான். பாட்டு முடியும்போது கை கீழ இருந்தா நிறுத்துவோம்."

"அவரு ரெண்டு தடவைக்கு மேல கேட்டதே இல்ல," என்று பின்வரிசையிலிருந்து யாரோ முனகினார்கள். "இவருக்குத்தான் வயிறு ரொம்பவே மாட்டேங்குது."

"இன்னிக்குப் பெரிய பாஸ்டரும் சேர்ந்து தூக்கினாரா," என்றார் மத்தளக்காரர், "சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

முன்வரிசையில் மிர்லாந்த் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வாரமாக, பாட்டு முடியும்போது கை தாழ்ந்திருந்த போதெல்லாம் அது நின்றிருக்கிறது. முறைகளை எண்ணி எழுதிய நான், அதை மட்டும் எழுதவில்லை. வெல்ல முடியாத எதிரியின் கோட்டைக் கொடியை எட்டு ஞாயிறாக உயர்த்திப் பிடித்திருந்தது என் வலக்கைதான்.

நான் கையை இறக்கினேன்.

அதே கணம் துறையிலிருந்து படகோட்டியின் சங்கு ஒலித்தது. ஒரு முறை, இரு முறை. ஒனேசிம் ஐயா பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, உன் பிரசங்கத்தை நான் கேக்கல," என்றார் எல்லாரும் கேட்க. "அது எப்படி இருக்கும்னும் எனக்குத் தெரியாது. ஆனா என் சபையில நான் அதே பாட்டை ரெண்டாம் தடவை பாடச் சொன்னா பாதிப் பேர் செருப்பைத் தேடுவாங்க. இவங்க பானையைக் கருக விட்டு உனக்காக எட்டு வாரம் பாடியிருக்காங்க. இப்படிப்பட்ட ஜனத்தை விட்டு உன்னை எதுக்குக் கூப்பிடணும்? ரெண்டு வருசம் இரு. எது எதுக்கு என்ன அர்த்தம்னு முதல்ல கேட்டுக்க." வாசலில் நின்று மிர்லாந்தைப் பார்த்துத் திரும்பினார். "துறையில ஒரு பன்றி முதுகுல பேர் எழுதியிருந்துச்சே, அது உன் வேலையாம்மா?"

"ஆமாங்கய்யா."

"எழுத்து நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மிர்லாந்த் வாயிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செலமிஸ் அக்கா திரும்பிச் சபையைப் பார்த்து, "அடுப்புல பானை வச்சவங்க யாரும் எந்திரிக்கக் கூடாது," என்று மிச்சமிருந்த குரலில் ஆணையிட்டார். "பாவம், எட்டு வாரமா ஏதோ சொல்லணும்னு துடிச்சிருக்காரு. கேப்போம்."

அப்பொழுது, ஆழிப்பேரலை பின்வாங்கிய கரைபோலவும், பெரும்படைகள் களைந்துவைத்த ஆயுதங்களின் மேல் மாலைப்பனி இறங்குவதுபோலவும், ஆன்ஸ் மாபூ சபையின் மீது ஓர் அமைதி இறங்கியது, மத்தளம் மடிமேல் உறங்க, தகரத் துருவி சுவரில் சாய, கழுதைகளும் காதைத் தொங்கப்போட்டு நிற்க, நாற்பத்தொரு முகங்களும் வேறெங்கும் பாராமல் என்னையே பார்த்திருக்க, எட்டு வாரமாக உறைக்குள் கிடந்து பசித்திருந்த என் படைவாளாகிய பதினொரு பக்கங்களை நான் உருவி, வியர்வையில் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து, மேசைமேல் பரப்பி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, கையை எக்காரணம் கொண்டும் உயர்த்தாமல், "பிரியமானவர்களே!" என்று முழுச்சொல்லாக முழங்கித் தொடங்கினேன்.

பிரசங்கம் சுமாராகத்தான் இருந்தது.