தேவாங்கு திரை வெளிச்சத்தைக் குறைத்த கதை

ஒரு காட்டில் கண்ணாயிரம் என்றொரு தேவாங்கு உத்தியோகம் பார்த்தது. காட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிறப்பு, இறப்பு, பெயர் மாற்றம் எல்லாம் ஏற்றுவது அதன் வேலை. திரையோ உச்சி வெயில் மாதிரி அடிக்கும். தட்டு போலக் கண் வைத்திருக்கிற பிராணி என்ன செய்யும்? கண்ணீர் தாரை தாரையாக ஊற்ற, ஒருநாள் உயிரோடிருந்த மானைச் செத்ததாக ஏற்றிவிட்டது. மறுநாள் அந்த மானே வந்து, "செத்துப்போன மான் நான்தானுங்க. புல் தரமாட்டேங்கிறாங்க" என்று நின்றது.

மேலாளர் கரடி, "இன்னொரு தப்பு பண்ணினா வேலை போச்சு" என்றது.

கம்ப்யூட்டருக்குள் 'வெளிச்சம்' என்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. அதிலிருக்கும் எண்ணைக் குறைத்தால் திரை மங்கும். கண்ணாயிரம் திறந்து பார்த்தது. எண் தெரிந்தது. மாற்றப் போனால், 'சிங்கத்துக்கு மட்டும்' என்று வந்தது.

கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்வது ஏகாம்பரம் என்கிற மரங்கொத்தி. அது தூங்கிக்கொண்டிருந்த சிங்கராஜாவை எழுப்பிக் கூட்டிவந்து, கோப்பைக் கண்ணாயிரத்துக்கும் திறந்துவிடச் செய்தது. கண்ணாயிரம் எண்ணைக் குறைத்தது. ஆகா, நிலா வெளிச்சம்! தேவாங்கு பாட்டுக்கூடப் பாடியது.

மதியம் கரண்ட் போய் வந்தது. பழையபடி வெயில். பழையபடி 'சிங்கத்துக்கு மட்டும்'.

"அண்ணே, காலையில கொடுத்த அனுமதி எங்கே?"

"அது செத்துப்போன கோப்புக்குக் கொடுத்தது தம்பி. திரை ஒவ்வொரு தடவை உயிர் பெறும்போதும் அந்தக் கோப்பு புதுசாப் பிறக்குது. பிறக்கும்போதே சிங்கத்தோட சொத்தாப் பிறக்குது."

"அப்போ தினமும் அவரை எழுப்பணுமா?"

"எதுக்கு? ஒரு விதி எழுதிடறேன். திரை வந்ததும் கோப்பு தானா உன் கைக்கு வந்துடும்."

டொக் டொக்கென்று கொத்தி எழுதியது. மறுபடி கரண்ட் போய் வந்தது. ஒன்றும் மாறவில்லை. ஏகாம்பரம் கொண்டையைச் சொறிந்தது.

"விதி ரொம்பச் சுறுசுறுப்பு தம்பி. திரை வந்த உடனே அனுமதி கொடுக்க ஓடியிருக்கு. கோப்பு அதுக்கப்புறம்தான் பிறந்திருக்கு."

"பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாலேயே காது குத்தியாச்சா?" என்று கேட்டது கண்ணாயிரம்.

வேறு வழியில்லாமல் இரண்டும் போய் மறுபடி சிங்கத்தை எழுப்பின. அது கர்ஜித்தது: "இனி எந்தக் கோப்பு பிறந்தாலும் யார் வேணும்னாலும் தொடலாம்! என்னை விடுங்க!"

அவ்வளவுதான். வௌவால் வந்து திரையை இருட்டாக்கியது. "என் தோகை தெரியலையே" என்று மயில் பளிச்சென்றாக்கியது. எருமை கம்ப்யூட்டரின் விசிறியை முடுக்கிவிட்டதில் இரண்டு சிட்டுக்குருவிகள் பக்கத்துக் காட்டில் போய் விழுந்தன. சாயங்காலமே சிங்கம் எல்லா அனுமதியையும் பிடுங்கிக்கொண்டது.

கண்ணாயிரம் தேம்பியது. "அண்ணே, சிங்கம் யாருன்னு இந்தக் கம்ப்யூட்டர் எதை வெச்சுக் கண்டுபிடிக்குது? பிடரியையா, பல்லையா?"

"அட, பேரை வெச்சுத்தான்."

கண்ணாயிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பெயர் மாற்றம் ஏற்றுவது அதன் வேலைதானே? தன் பெயரைச் சிங்கம் என்று மாற்றியது. ஒரே பெயரில் இருவர் இருக்கக்கூடாது என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க, தன் பழைய பெயரைச் சிங்கத்துக்குக் கொடுத்துவிட்டது.

மறுநாள் குகை வாசலில் காவல் புலி சிங்கத்தை மறித்து, பெயரைச் சரிபார்த்தது. "கண்ணாயிரமா? ஆபீசுக்கு நேரமாச்சு, கிளம்பு."

குகைக்குள்ளே தேவாங்கு குறட்டை விட, சிங்கம் போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

"ஏகாம்பரம் அண்ணே, இந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"சிங்கத்தைக் கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றது மரங்கொத்தி.

நீதி: கண் கூசினால் முட்டாள் கண்ணாடி வாங்குவான், புத்திசாலி பெயரை மாற்றுவான்.