வால் சார் கேட்ட பளெ

பெங்களூரில் வெயிலைப் பற்றி வால் சார் அளவுக்குக் கவலைப்பட்ட மனிதர் வேறு யாரும் பிறந்ததில்லை. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வெயில் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தெரியாத வெயிலைப் பற்றித்தான் கவலை.

அறுபதுகளின் தொடக்கம். காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் அவரிடம் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். வெயிலைத் தின்று வாழும் பாக்டீரியாக்களை வளர்ப்பது அவர் தொழில். செடிக்குப் பச்சையம் மாதிரி அவற்றுக்கும் ஒரு நிறமி உண்டு. நாலு வளையங்கள் கைகோத்து வட்டமாக உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு மக்னீசியம். ஓரத்திலிருந்து நீளமாக ஒரு வால். மாணவர்கள் வளையத்தை மட்டும் வரைந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சார் கறுப்புப் பலகையருகே நின்று, "ஏனப்பா, வால் எங்கே? வாலைக் கொழுப்பில ஊனிக்காம அது எப்படி உக்காரும்?" என்று கேட்பார். வாழ்நாளில் ஒரு சேட்டைகூடச் செய்யாத அந்த மனிதருக்கு 'வால்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

அல்சூர் ஏரிச் சேற்றை ஊறுகாய் ஜாடியில் அள்ளிக்கொண்டு பஸ்ஸில் வருவார். நானும் கூடப் போவேன், முடிந்தவரை தெரியாதவன் மாதிரி. அழுகிய முட்டை நாற்றம். ஒரு முறை கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஜாடில என்னா சார்?"

"உயிரப்பா. கோடிக்கணக்கில இருக்கு."

"அப்ப அத்தினி பேருக்கும் டிக்கெட் வாங்கு சார்."

சார் சட்டைப் பையில் கையை விட்டபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் இழுத்து உட்கார வைத்தேன். உட்கார இடத்துக்குக் குறைவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து டிரைவரிடம் போயிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு கமிட்டி வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் அறையைப் பழைய டைப்ரைட்டர்கள் அடுக்கக் கேட்கிறார்களாம். என் வேலையையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டுவார்களாம். எனக்கோ அப்போது பெண் பார்த்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "பர்மனென்டா?" என் அப்பா, "ஆயிடும், ஆயிடும்" என்று சொன்னதில் இரண்டாவது 'ஆயிடும்' முதலாவதைவிடச் சன்னமாக வந்தது.

கமிட்டிக்குக் காட்ட நிறமியைப் பெரிய உருவமாகச் செய்ய வேண்டும் என்று சார் முடிவு செய்தார். கமிட்டி வருவதற்கு முதல் நாள் மாலை, பிரேசர் டவுனில் எங்களுக்குத் தெரிந்த மருந்துக்கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார். சாருக்கு வீட்டில் கன்னடம். என்னிடம் பேசுவது இரண்டும் கலந்த ஒரு கூட்டு. போனில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரே பொரியல் சத்தம்.

"பெளிகே வரும்போது ஒரு டஜன் பளெ தகொண்டு பாரப்பா." காலையில் வரும்போது வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார்.

"பச்சையா மஞ்சளா சார்?"

"பச்சையே வாங்கு, நம்ம சப்ஜெக்டுக்குப் பொருத்தம். உடையாம தகொண்டு பா."

மறுநாள் காலை ஒரு டஜன் பச்சை வாழைப்பழத்தை, ஒன்றுகூட நசுங்காமல், கைக்குழந்தையைப் போலக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சார் பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது பாளெ, வாழை. நான் கேட்டது பளெ. கையில போடற பளெ. வளையல்."

ஒரு நெடில் என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது. கமிட்டி ஒன்பது மணிக்கு. வளையல் கடைக்காரர்கள் அப்போதுதான் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். என் கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் ஓட முடிவெடுத்தன. கடைசியில் கேன்டீனில் போய் நின்றேன். கை கழுவ வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். கமிட்டியின் காப்பிக்காகச் சமையல்காரர் பட்டர் எண்ணெயிலிருந்து கோடுபளெ எடுத்துக்கொண்டிருந்தார். முறுக்கு மாதிரி மாவை உருட்டி, வளையல் போல வளைத்துப் பொரிப்பார்களே, அது.

"பட்ரே, அது வளையம்தானே?"

"தின்றதுக்கு முன்னாடி வளையம்தான்," என்றார் பட்டர்.

சார் உடனே வேலையில் இறங்கினார். நாலு கோடுபளெயைச் செம்புக் கம்பியால் பலகையில் கட்டினார். நடுவில் ஒரு கோலிக்குண்டு. குடைக்கம்பியை நெளித்து வால். வாங்கின பழம் வீணாக வேண்டாமே என்று நான் அதைத் தட்டில் அழகாக அடுக்கிப் பக்கத்தில் வைத்தேன். அங்கேதான் வந்தது வினை.

கமிட்டித் தலைவர் கோட்டு சூட்டில் வந்தார். காலையில் சாப்பிடவில்லை போலிருக்கிறது. சார் பாக்டீரியாவின் குணநலன்களை விவரித்துக்கொண்டிருக்கும்போதே, தலைவர் ஒரு பழத்தை உரித்துத் தின்றார். பிறகு குனிந்து, நிறமியின் ஒரு வளையத்தை நறுக்கென்று கடித்தார்.

என் மனக்கண்ணில் வருங்கால மாமனார் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சார் குரலைக்கூட உயர்த்தவில்லை. "பரவாயில்லை சார். ஒரு வளையத்தில ஒரு பிணைப்பு கொறைஞ்சா அது இலையோட பச்சையம். இப்ப அதுக்கு நேர் எதிர்ல இருக்கறதையும் ஒரு கடி கடிங்க."

"கடிச்சா?"

"நம்ம பாக்டீரியா ஆயிடும்."

தலைவர் என்ன நினைத்தாரோ, எதிர் வளையத்தையும் கடித்தார்.

"இவ்வளவுதான் வித்தியாசமா?"

"இவ்வளவுதான் சார். குளத்துக்கு மேலே செடியெல்லாம் வேண்டிய வெயிலைத் தின்னுடுது. அடியில இருக்கற இதுக்கு மிச்சம்தான். அந்த மிச்சம் நம்ம கண்ணுக்கே தெரியாது. ரெண்டாவது கடி இருக்கறதால இது அதைப் பிடிச்சுப் பிழைச்சுக்குது."

தலைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, மீதி இருந்த நிறமியைக் குனிந்து பார்த்தார்.

போகும்போது வராந்தாவில் பேசினார்கள். கதவுக்குப் பின்னால் நான், பழத்தோலும் கையுமாக.

"நல்ல வேலைதான். ஆனா ஏதாவது ஒண்ணை நாங்க கொறைச்சாகணும். அறையா, ஆளா, நீங்களே சொல்லுங்க."

சார் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அறையில பாதியை எடுத்துக்குங்க சார். ஜன்னல் பக்கமே எடுத்துக்குங்க. பையன் இருக்கட்டும்."

அந்த ஜன்னலில்தான் அவருடைய ஜாடிகள் எல்லாம் இருந்தன. அன்று சாயங்காலமே ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு பல்பைச் சுற்றி வைத்தார். என்னிடம் ஒரு ஜாடியை நீட்டினார். "நோடப்பா, இதைப் பிடி" என்றார், அவ்வளவுதான். பின்பு பல வருஷம் அந்தப் பாதி அறையில் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டே வேலை செய்தோம்.

இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் அறை பெரியது, இரண்டு ஜன்னல். மேசையை மட்டும் ஓர் ஓரமாகத்தான் போட்டிருக்கிறேன். சார் வந்தால் நிற்க இடம் வேண்டாமா?